சாம்பல் ஒழுகிய பக்கம்

போன கிழமை தர்ஷிகா ஒரு படம் அனுப்பியிருந்தாள். எங்கள் தேவாலயப் பங்கின் திருவிழா மலரை இப்போது அவள்தான் கணினியில் கோக்கிறாள். பகலில் ஒரு பல்வைத்தியரின் வரவேற்பு மேசையில் வேலை. மிச்ச நேரத்தில் இந்தத் தலைவலி. படத்தோடு ஒரு குரல்பதிவும் வந்தது. "அண்ணை, ஜெபம் மட்டும்தான் சிவப்பு. அதை மூடியும் விட்டனான். பிறகேன் பக்க எண்ணும் சிவப்பாய் வருது? நான் ஒண்டும் செய்யேல்லை."

நான் ஒண்டும் செய்யேல்லை. என் தொழிலில் அதிகம் கேட்ட வசனம் இதுதான். சொன்னவர்கள் எல்லோரும் உண்மையைத்தான் சொன்னார்கள். நிறத்தோடு வேலை செய்யும்போது, ஒன்றும் செய்யாமலே நிறைய நடந்துவிடும்.

படத்தை உற்றுப் பார்த்தேன். உற்றுப் பார்த்தால் எனக்கு ஒன்றும் தெரியாது. அதுதான் என் கண்ணின் வியாதி. பார்வையின் நடுவே ஒரு புகை வந்து குந்திவிட்டது. ஓரங்கள் இருக்கின்றன, நடு இல்லை. ஒரு சொல்லைப் பார்க்க வேண்டுமானால் அதற்குப் பக்கத்து வெறுமையைப் பார்க்க வேண்டும். அப்போது அந்தச் சொல் கள்ளமாக ஓரத்தில் வந்து நிற்கும். கறுப்பும் சாம்பலும் எனக்கு இப்போது ஒரே நிறம். பக்கம் கோக்கிறவனுக்கு இதற்குப் பிறகு என்ன வேலை? வயது வருமுன்னே ஓய்வு வந்துவிட்டது.

தர்ஷிகாவுக்குப் பதில் பேசத் தொடங்கினேன். பேச்சு எங்கெங்கோ போயிற்று. நிறுத்தி, அழித்துவிட்டேன். இது பேசி முடிகிற சங்கதி இல்லை. ஆகவே எழுதுகிறேன், திரை முழுவதையும் நாலே சொற்கள் அடைத்துக்கொள்ளும் அளவு பெரிய எழுத்தில்.

இத்தாலியில், சிசிலித் தீவின் பலேர்மோவுக்கு வந்த கதையை நீட்டமாட்டேன்; இந்த நகரத்தில் எங்கள் எல்லோருக்கும் அது கிட்டத்தட்ட ஒரே கதை. பெர்மெஸ்ஸோ என்ற வதிவிட அனுமதி கிடைக்கும்வரை ஒரு சிஞ்ஞோராவின், இத்தாலிய அம்மாவின், வீட்டில் மாபிள் துடைத்தேன். பிறகு ஸ்தாசியோனே சென்ட்ராலே என்ற பெரிய ரயில் நிலையத்துக்குப் பின்னால், ஒரு சந்துக்குள் இருந்த அச்சகத்தில் நிலம் துடைத்தேன். துடைத்தவன் ஒருநாள் கணினிக்கு முன்னால் குந்தினேன். பல்கலைக்கழகப் பிள்ளைகளின் ஆய்வேடுகளைக் கோக்க அங்கே ஒரு முறை வைத்திருந்தார்கள். எலியைப் பிடித்து இழுத்து வைக்கிற வேலை கிடையாது. எல்லாம் எழுத்தாலான கட்டளை. இங்கே தடித்த எழுத்து, இங்கே புதுப் பக்கம், இங்கே சிவப்பைத் திற, இங்கே சிவப்பை மூடு. முடித்து ஒரு விசையைத் தட்டினால் இயந்திரம் தானே வரியை மடித்து, தானே பக்கத்தை வெட்டித் தரும். கவிதை என்று எதையாவது கிறுக்கிக்கொண்டு திரிகிறவனுக்கு அது பிடிக்கும். நீ கேட்டதுக்கும் அது தந்ததுக்கும் இடையில் எப்போதும் ஒரு சின்ன இருட்டு இருக்கும்.

முதலாளி பெயர் வீத்தோ. மெலிந்து உயர்ந்த மனிதர். சத்தம் போட்டு நான் கேட்டதில்லை. கோபம் வந்தால் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைப்பார்; கடும் கோபம் என்றால் துடைக்காமலே சட்டைப்பைக்குள் போட்டுவிடுவார். என்னைப் 'பொயேத்தா' என்று கூப்பிடுவார். கவிஞரே என்று அர்த்தம். பாதி மரியாதை, பாதி நக்கல். தமிழில் ஓர் எழுத்துத் தெரியாது. ஆனால் தமிழ்ப் பக்கங்களைக் கடைசியாகப் பார்த்து விடுகிறவர் அவர்தான். தாளைத் தலைகீழாகத் திருப்பி, துணி காயப்போடும் கிளிப்பில் கொழுவிவிட்டு, முதுகு சுவரில் முட்டும்வரை பின்னுக்கு நடந்து போய் நின்று பார்ப்பார்.

"வாசிக்கத் தெரிந்தவனுக்கு நிறம் தெரியாது, பொயேத்தா. அவன் சொல்லுக்குள் விழுந்துவிடுவான். எனக்கு வாசிக்கத் தெரியாது. அதனால் எனக்கு எல்லாம் தெரியும்."

பிறகு முன்னுக்கு வந்து, மடக்குப் பூதக்கண்ணாடியைத் தாளில் வைத்து ஒற்றைக் கண்ணால் குனிவார். ஒருநாள் என்னையும் குனிய வைத்தார். திரையில் சுத்தக் கறுப்பாக இருந்த எழுத்து. தாளில் அதை நீலம், சிவப்பு, மஞ்சள், கறுப்பு என்று நாலு மையும் சேர்ந்து உண்டாக்கியிருந்தன. தாள் ஒரு மயிரிழை அசைந்திருக்க வேண்டும். ஒவ்வோர் எழுத்துக்கும் பக்கத்தில், மெல்லிய நீலமாய் இன்னோர் எழுத்து நின்றது. கண்ணாடியை எடுத்தால் இல்லை. வைத்தால் நிற்கிறது.

"எழுத்துக்கு ஒரு மை போதும்," என்றார். "நாலு மை கொடுத்தால் கூட ஆள் வந்துவிடும்."

அச்சகத்துக்குச் சோறு போட்டவை மரண அறிவித்தல்கள். இந்த ஊரில் ஆள் செத்தால் கறுப்புக் கரையிட்ட தாளைச் சுவர் சுவராக ஒட்டுவார்கள். வீத்தோவுக்கு அதில் ஒரு வழக்கம் இருந்தது. உயிரோடு இருக்கிற ஒருவரின் பெயர் தவறிப்போய்ச் செத்தவரின் இடத்தில் விழுந்துவிட்டால், அந்தத் தாளைக் கசக்கி எறியமாட்டார். பெயரின் நடுவால் கிழிப்பார். பெயர் முழுசாய்க் குப்பைக்குப் போகக்கூடாது. கிழித்துவிட்டு, கெட்டது அண்டாதிருக்க, இயந்திரத்தின் இரும்பை ஒரு தரம் தொடுவார். பிறகு வேலையைப் பார்ப்பார்.

நிறம் எனக்குக் காட்டிய கூத்துகள் பல. கலியாண அட்டையில் பெண்ணின் முதல் எழுத்துக்கு மட்டும் சிவப்புக் கேட்டார்கள். ஜொஸ்பின் என்று பெயர். கொடுத்தேன். எழுத்து மூன்றாய்க் கழன்று, கொம்புக்கும் காலுக்கும் நடுவில் ஆளில்லாத ஒரு புள்ளிவட்டம் வந்து நின்றது. மாமிக்காரி அதைப் பார்த்துச் சிலுவை போட்டுக்கொண்டார். அதை விடுங்கள். வெள்ளையைப் பற்றித்தான் சொல்ல வேண்டும்.

ஒரு மாப்பிள்ளை. முதலில் நிச்சயித்த இடம் குழம்பி, இரண்டாவது இடம் பொருந்தியிருந்தது. பழைய அழைப்பிதழ்க் கோப்பைத் தானே திறந்து, முதல் பெண்ணின் பெயருக்கு வெள்ளை நிறம் கொடுத்து, அதன் மேலேயே புதுப் பெயரை அடித்து, உலகம் முழுக்கப் போனில் அனுப்பிவிட்டார். மன்னாரில் அவருடைய பெரியம்மாவுக்குக் கண்ணில் வெண்படலம். எதையும் போனை வாசிக்கவிட்டுத்தான் கேட்பார். போன் ஒரு சலனமும் இல்லாத பெண்குரலில் இரண்டு மணமகள்களையும் வரிசையாக வாசித்திருக்கிறது. பெரியம்மா அழைப்பெடுத்து, ஆரடா அந்த மற்றப் பிள்ளை என்று கேட்டிருக்கிறார். மாப்பிள்ளை அச்சகத்துக்கு ஓடி வந்தார்.

"அண்ணை, அவள் உள்ளுக்கை இருக்கிறாள்."

புதுப் பெயரின் இடத்தை எலியால் ஒரு தரம் வருடினேன். அடியிலிருந்து பழைய பெயர் நீலமாய் எழும்பி எங்களைப் பார்த்தது. வெள்ளை பூசினால் ஒருவரும் போவதில்லை. வெள்ளையும் ஒரு நிறம்.

இனி ரெஜினா அக்காவின் பக்கம். இதைச் சொல்லத்தான் இவ்வளவும் சுற்றினேன் போல.

எங்கள் ஆட்களில் ஒருவர் இறந்தால், முப்பத்தோராம் நாள் பூசைக்கு ஒரு நினைவு மலர் அடிக்க வேண்டும். படம், வாழ்க்கைக் குறிப்பு, ஜெபங்கள், வம்சம், பிறகு குடும்பத்தின் நன்றி நவிலல், கடைசித் தாளில் வீட்டு விலாசம். வம்சத்தில்தான் எப்போதும் இடைஞ்சல். பாதிப் பேர் இறந்தவர்கள். ஒவ்வொரு பெயருக்கும் முன்னால் 'காலஞ்சென்ற' என்று போட்டால், பக்கம் முழுக்க அந்தச் சொல்தான் நிற்கும். பெயர்கள் அதற்கிடையால் எட்டிப் பார்க்கும். ஆகவே பலேர்மோவில் நாங்கள் ஒரு வழக்கம் பண்ணிக்கொண்டோம். இருப்பவருக்குக் கறுப்பு. இறந்தவருக்குச் சாம்பல். அடியில் பொடி எழுத்தில் அதற்கொரு குறிப்பு. ஒவ்வொரு பிள்ளையின் குடும்பத்துக்கும் ஒரு பக்கம், அந்தப் பிள்ளையின் பெயர் பக்கத்தின் உச்சியிலும் சின்னத் தலைப்பாகத் தானே ஏறிக்கொள்ளும். சனத்துக்கு அது பிடித்துப்போயிற்று. பூசை நேரத்தில் பக்கத்தைப் புரட்டி, இப்ப எங்கடை வீட்டிலை கறுப்பு குறைஞ்சு போச்சு என்று பேசிக்கொள்வார்கள்.

ரெஜினா அக்கா மன்னார்ப் பக்கம். பலேர்மோவின் ஒரேத்தோப் பகுதியில் லிப்ட் இல்லாத நாலாம் மாடியில் வீடு. வயதான ஒரு சிஞ்ஞோராவைப் பார்க்கிற வேலை. கணவர் சவிரிமுத்து அண்ணை மாரடைப்பில் போய்விட்டார்; மலர் அவருக்குத்தான். பிள்ளைகள் மூன்று. மூத்தவன் அன்ரன், மனைவி பிள்ளைகளோடு பக்கத்து ஊரான பகேரியாவில். நடுவில் மேரி, குழந்தையிலேயே இறந்தவள். கடைசி யூட். அவன் ஊரில் தங்கிவிட்டவன். சண்டையின் கடைசி மாதங்களில் சனத்தோடு சனமாய் நடந்து வரும்போது காணாமல் போனான். உடலைக் கண்டவர் இல்லை. உயிரோடு கண்டவரும் இல்லை.

தாயைப் பகேரியாவுக்குக் கூட்டிக்கொண்டு போய்விட வேண்டும் என்பது அன்ரனின் நினைப்பு. முழங்கால் தேய்ந்த மனுசி, நாலு மாடி, தகப்பனும் இல்லை. அவர் அசையவில்லை. யூட்டின் கையில் இருந்தது ஒரேத்தோ விலாசம். அந்த வீட்டை விட்டால் அவன் எங்கே வருவான்? போன் இலக்கத்தைக்கூட மாற்றாதவர் அவர். மலரில் தம்பியின் பெயர் சாம்பலில் வந்துவிட்டால், பூசையில் தகப்பனோடு அவனுக்கும் சேர்த்து ஜெபித்துவிட்டால், அம்மா படி இறங்கிவிடுவார் என்று அன்ரன் நம்பினான். அக்காவுக்கும் அது தெரியும். ஒரு பெயரின் நிறத்தில் ஒரு வீடு தொங்கிக்கொண்டிருந்தது.

இருவரும் சேர்ந்தே வந்தார்கள். நான் வாய் திறக்க முன்னமே அக்கா சொல்லிவிட்டார்.

"யூட்டுக்குக் கறுப்பு. பெயரை மட்டும் போட்டு, கீழை வெறுமையாய் விடுங்கோ தம்பி."

"வெறும் பக்கம் என்னத்துக்கம்மா?" என்றான் அன்ரன்.

"வந்தானெண்டால் மனிசி பிள்ளையளின்ரை பெயர் சொல்லுவான். எழுத இடம் வேணுமெல்லே."

அன்ரன் என்னைப் பார்த்தான். நீங்களாவது சொல்லுங்கள் என்கிற பார்வை. நான் விசைப்பலகையைப் பார்த்தேன்.

முதல் புரூஃப் வந்த அன்று சிரோக்கோ வீசியது. ஆபிரிக்கப் பக்கமிருந்து வரும் அந்தச் சூட்டுக் காற்று சந்துக்குள் மண்ணை இறைத்து, கதவுக் கண்ணாடியெல்லாம் மஞ்சளாய் இருந்தது. வீத்தோ தாளைத் தலைகீழாய்க் கொழுவிவிட்டுச் சுவர்வரை போனார். நின்றார். மூக்குக்கண்ணாடியைக் கழற்றி நேரே சட்டைப்பைக்குள் போட்டார்.

"ஒரே பெயர் இந்தப் பக்கத்தில் இரண்டு தரம் இருக்கிறது," என்றார். "ஒன்றுக்கு உயிர் இருக்கிறது. மற்றதுக்கு இல்லை."

நடுவில் யூட், நல்ல கறுப்பு. பக்கத்தின் உச்சியில், சின்னத் தலைப்பில், அதே யூட் சாம்பல்.

நடந்தது இதுதான். தர்ஷிகா, உன் பக்க எண்ணுக்கு நடந்ததும் இதுதான். இயந்திரத்துக்கு நிறம் என்பது, எழுத்துச் சரத்தில் குத்திய இரண்டு ஊசி. ஒன்று 'திற', மற்றது 'மூடு'. கண்ணுக்குத் தெரியாத ஊசிகள். பக்கம் நிரம்பும்போது இயந்திரம் எழுத்தைத்தான் எண்ணி வெட்டும், ஊசியைப் பற்றி அதற்குக் கவலை இல்லை. அன்ரனின் பக்கம், அடியில் தனிப் பக்கம் இல்லாத மேரியின் சாம்பல் பெயரோடு நிரம்பிவிட்டது. வெட்டு அங்கே விழுந்தது. 'மூடு' என்ற ஊசி அடுத்த பக்கத்துக்குத் தள்ளுப்பட்டது. ஆனால் அடுத்த பக்கத்தில் முதலில் அச்சேறுவது உச்சியில் உள்ள தலைப்பு. அந்த நேரம் சாம்பல் இன்னும் ஓடிக்கொண்டிருந்தது. செத்துப்போன அக்காவின் நிறம், பக்கம் தாண்டி வந்து, தம்பியின் தலையில் ஏறியது.

தாளைக் கழற்றப் போகும்போது பின்னால் ரெஜினா அக்கா நின்றார். சிஞ்ஞோராவுக்கு மருந்து வாங்க வந்த வழியில் எட்டிப் பார்த்திருக்கிறார். தலைகீழாய்த் தொங்கினாலும் பெற்றவளுக்கு அந்தப் பெயர் தெரியாதா.

"தலையிலை செத்திட்டான்," என்றார் மெல்ல. "நடுவிலை இருக்கிறான்."

ஊசிக் கதையை அவருக்கும் சொன்னேன். மரியாதையாகக் கேட்டுக்கொண்டார். வீத்தோ தன் வழக்கப்படி தாளை எடுத்து, பெயரின் நடுவால் கிழிக்க இரு கையையும் வைத்தார். அக்கா அவருடைய மணிக்கட்டைப் பிடித்துவிட்டார். அச்சகத்தில் வீத்தோவை யாரும் தொட்டு நான் பார்த்ததில்லை.

"கிழிக்க வேண்டாமெண்டு சொல்லுங்கோ தம்பி."

தாளை நாலாய் மடித்துக் கைப்பைக்குள் வைத்துக்கொண்டு போய்விட்டார். வீத்தோ இரும்பைத் தொட்டார். பிறகு யோசித்து, இன்னொரு தரம் தொட்டார்.

நான் திருத்தினேன். ஒவ்வொரு பக்கமும் கறுப்பிலிருந்துதான் தொடங்க வேண்டும் என்று இயந்திரத்துக்குச் சட்டம் போட்டேன். இனி எந்தச் சாம்பலும் எல்லை தாண்டாது. இரண்டாவது புரூஃபுக்கு அக்காவும் அன்ரனும் வந்திருந்தார்கள். தாளை அவர்கள் முன்னால்தான் இழுத்தோம். தலைப்பில் யூட் கறுப்பு. நடுவில் யூட் கறுப்பு. அவனுக்கு மேலே, இருக்கவே கூடாத இடத்தில், இன்னொரு பெயர். மேரி. அதுவும் கறுப்பு.

ஊசிக்கு எடை இல்லை, ஆனால் வரிசையில் அதற்கும் ஓர் இடம் வேண்டும். நான் போட்ட சட்டம் இன்னோர் ஊசி. அதற்கு இடம் விட்டதில், மேரியின் வரி அன்ரனின் பக்கத்தில் நிற்க முடியாமல் அடுத்த பக்கத்துக்கு வழுக்கியது. அவளுடைய 'திற' ஊசி பழைய பக்கத்திலேயே நின்றுவிட்டது; புதுப் பக்கம் கறுப்பில்தானே தொடங்கும்? பால் மறக்க முன்னமே செத்த பிள்ளை, உயிரோடு இருப்பவர்களின் நிறத்தில், தம்பிக்குப் பக்கத்தில் வந்து நின்றாள்.

அக்கா அந்தப் பெயரில் சுண்டுவிரலை வைத்தார். மை காயவில்லை; விரலில் ஒட்டியது.

"இவள் ஏன் எழும்பி வந்தவள்?"

"அம்மா, இது கொம்பியூட்டர்."

"கொம்பியூட்டருக்கு என்ரை பிள்ளையளோடை என்ன சோலி?" என்றார், தலை நிமிராமல். பிறகு என்னிடம், கடையில் விலை கேட்கிற மாதிரிச் சாதாரணமாக: "தம்பி, இவள் அவனைக் கூட்டிக்கொண்டு போக வந்தவளோ, கூட்டிக்கொண்டு வந்தவளோ?"

வெளியே காற்று கதவைத் தள்ளிப் பார்த்தது. பிழை எங்கே என்று தெரிகிறது, நாளைக்குச் சரிவரும் என்று மட்டும் சொன்னேன்.

"எனக்கு விளங்குது," என்றார் அக்கா. "ஒராளிலை இருந்து தட்டிவிட்டால் அது இன்னொராளிலை போய் ஒட்டுது. ஆரிலையாவது இருக்கத்தான் வேணுமெண்டால் என்ரை பெயரிலை விடுங்கோ. நான் தாங்குவன்."

அன்ரன் எழும்பி வெளியே போனான். அழுக்குக் கண்ணாடிக்கு அப்பால் அவனுடைய முதுகு மட்டும் தெரிந்தது. நெடுநேரம் சிகரெட்டைப் பற்றவைக்காமலே பிடித்துக்கொண்டு நின்றான்.

அன்று வீட்டுக்குப் போகவில்லை என்றெல்லாம் எழுதினால் நன்றாக இருக்கும். போனேன், சாப்பிட்டேன், நித்திரையும் கொண்டேன். காலையில் வந்து சட்டத்தைக் கழற்றினேன். ஒவ்வொரு சாம்பல் பெயரையும் அதன் வரிக்குள்ளேயே திறந்து, அந்த வரிக்குள்ளேயே மூடினேன். பெயரின் கடைசி எழுத்தோடு ஊசியை ஒட்டிவிட்டால் வெட்டு அவற்றைப் பிரிக்காது. இவ்வளவுதான் மருந்து, தர்ஷிகா. மூடுவதைத் தனி வரியில் விடாதே. மேரி தன் இடத்துக்குத் திரும்பினாள், சாம்பலாய். யூட் தன் பக்கத்தில் தனியே, மேலும் நடுவும் கறுப்பாய். வீத்தோ தலைகீழாய்த் தொங்கவிட்டுப் பார்த்தார். பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தார். குறை இல்லை என்றார்.

குறையில்லாத அந்தத் தாளை ரெஜினா அக்காவின் கையில் கொடுத்தேன். அவர் கேட்டது கேட்டபடி இருந்தது. பார்த்தார், பார்த்துக்கொண்டே இருந்தார்.

"இப்பதான் தம்பி எனக்குப் பயமாய்க் கிடக்கு."

காரணத்தையும் அவரே சொன்னார். முதல் தாளில் அவன் தலை செத்திருந்தது. இரண்டாவதில் செத்தவள் கூட நின்றாள். இரண்டையும் நான் துடைத்துவிட்டேன். துடைத்துப் போட்ட இந்தக் கறுப்பு உண்மையான கறுப்பா, தன் பிடிவாதத்துக்காக நாங்கள் பூசிய கறுப்பா? பெயரைக் கறுப்பில் விட்டுவிட்டு, அவன் ஜெபம் இல்லாமல் எங்காவது கிடந்தால்? தாளை மகனிடம் நீட்டினார். "நீ சொல்லு. நீ சொல்லுற நிறம்."

எத்தனையோ நாளாய் அன்ரன் காத்திருந்த சொல் இது. தாளை வாங்கினான். உதடு அசைந்தது.

"நான் சொல்லமாட்டன் அம்மா. நான் சொல்லி அவன் சாகக்கூடாது."

வீத்தோவுக்கு இதில் ஒரு சொல்லும் விளங்கவில்லை. என்ன நடக்கிறது என்று என்னிடம் கேட்டார். சொன்னேன். மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார். இந்தத் தரம் துடைத்தார். துடைக்கத் துடைக்க எங்களைப் பார்க்கவில்லை.

"என் தகப்பனாரும் அச்சுக்காரர், ஒரு கடற்கரை ஊரில்," என்றார். "படகு திரும்பாத ஆட்களின் பெயர்களும் அவரிடம் வரும். அப்படியான பெயருக்கு அவர் மை கொடுப்பதில்லை."

மூலையில் கன்னியாஸ்திரிகளின் சின்ன அட்டைகளுக்குச் சிலுவை அழுத்தும் ஒரு கையச்சு இருந்தது. வீத்தோ யூட் என்ற பெயரை ஒரு துத்தநாகத் தகட்டில் வெட்டுவித்துக்கொண்டு வந்தார். நான் தலைப்பையும் நடுப் பெயரையும் எடுத்துவிட்டு வெறுமையாய்த் தந்த தாள்களை ஈர ஒற்றுத்தாளுக்கு நடுவில் வைத்துப் பதமாக்கினார். நனையக்கூடாது, குளிர வேண்டும் என்றார். தகட்டில் மை இல்லை. கைபிடியை இழுத்து, ஒரு மூச்சளவு அப்படியே பிடித்துக்கொண்டு நின்று, விட்டார். தாளை எடுத்து நீட்டினார். வெறும் வெள்ளைத் தாள். சாடையாய்ச் சரித்தார். வெளிச்சம் பக்கவாட்டில் பட்டதும், பெயர் தாளுக்குள் பள்ளமாய் இறங்கியிருப்பது தெரிந்தது. பின்பக்கம் அதுவே மேடாய், இடம்வலம் மாறி, கண்ணாடிக்குள் நிற்பதுபோல். கறுப்பும் இல்லை, சாம்பலும் இல்லை. எழுத்தின் விளிம்பில் ஒரு நிழல், அவ்வளவுதான். சரிக்கும் பக்கத்துக்கு அது இடம் மாறியது.

அக்கா கண்ணை மூடிக்கொண்டு விரலால் தடவினார். இரண்டே எழுத்துத்தான், ஆனால் விரல் வெளியே வர நேரம் எடுத்தது.

"இது போதும், காணும்," என்றார். பிறகு மகன் பக்கம் திரும்பாமலே என்னிடம் சொன்னார்: "கடைசித் தாளிலை பகேரியா விலாசத்தைப் போடுங்கோ. ஒரு புத்தகத்தைக் கீழ்வீட்டுச் சிஞ்ஞோராட்டைக் குடுத்துவிட்டு வாறன். வந்து கேட்டால் அவ குடுப்பா. அவன் தன்ரை பெயரைப் பார்த்து, விலாசத்தைப் பார்த்து வருவான்."

முப்பத்தோராம் நாள் பூசையில் நான் பின்வாங்கில் இருந்தேன். வம்சம் வந்ததும் சனம் பக்கம் புரட்டியது. ஒரு பக்கம் வெறுமையாய் வர, அச்சுப் பிழை என்று நினைத்துப் புரட்டிவிட்டார்கள். பிறகு எங்கோ ஒரு விரல் தடக்கி நின்றது. அதற்குப் பக்கத்து விரல். அதற்கு அடுத்தது. பாட்டு நடந்துகொண்டிருக்கும்போதே, வரிசை வரிசையாய், எல்லோருடைய விரலும் தாளின் ஒரே இடத்தில் போய் நின்றது. யாரும் யாரிடமும் சொல்லவில்லை. பாட்டு மட்டும் கொஞ்சம் தணிந்தது.

அதற்குப் பிறகு எத்தனையோ மலர்கள் கோத்தேன், பிறகு கண் போயிற்று. அச்சகத்திலிருந்து விலகிய பின், போன மாதம் ஒரு ஞாயிறு ரயில் ஏறிப் பகேரியாவுக்குப் போனேன். ரெஜினா அக்கா தேத்தண்ணி தந்தார். முழங்கால் பரவாயில்லையாம், பேரப்பிள்ளைகள் இத்தாலியனில் கத்துவதுதான் தலைவலியாம். பிறகு வீட்டுச் சன்னதிக்குப் போய், சாந்தா ரொசாலியா என்ற புனிதையின் கனத்த சிலையை, அந்தச் சுருவத்தை, தூக்கி அப்பால் வைத்துவிட்டு, அதற்குக் கீழே இருந்த மலரை எடுத்துக்கொண்டு வந்தார்.

"உங்களுக்குத்தான் நடு தெரியாதாம். விரலைத் தாங்கோ."

என் கையைப் பிடித்து, பக்கத்தில் வைத்தார். அச்சிட்ட எழுத்துகள் விரலுக்கு ஊமை. கறுப்பும் சாம்பலும் ஒரே வழுவழுப்பு. அந்தப் பெயர் மட்டும் தெளிவாய்ப் பள்ளமாய்க் கிடந்தது. என் தொழிலில் எனக்கு இன்னும் வாசிக்க முடிகிற பெயர் அது ஒன்றுதான்.

அவர் தாளைத் திருப்பினார். "இப்ப இதைத் தடவுங்கோ."

அடுத்த தாள் நன்றி நவிலல். அவருடைய பெயரும் அன்ரனின் பெயரும் மட்டும் போட்ட பக்கம். கோத்தவன் நான், எனக்குத் தெரியும். அந்தப் பெயர்கள் இருக்கும் இடத்துக்குக் கீழே, மிக மெல்லிய ஒரு பள்ளம். விரலை எடுத்து, உடுப்பில் துடைத்து, மறுபடி வைத்தேன். யூட். நேராகத்தான் இருந்தது.

காரணம் எனக்கு உடனே விளங்கியது. சுருவத்தின் பாரம். முன்தாளின் பின்பக்கத்து மேடு அடுத்த தாளில் அழுந்தியிருக்கிறது. "அக்கா, இது வந்து..." என்று தொடங்கினேன்.

"தெரியும் தம்பி. பாரம் எண்டு அன்ரன் சொன்னவன்."

இன்னொரு தாளைத் திருப்பி என் விரலை வைத்தார். வழுவழு என்று ஒன்றும் இல்லாமல் இருந்தது. கடைசித் தாள்.

"இதிலைதான் எங்கடை விலாசம் கிடக்கு. இன்னும் வந்து சேரேல்லை."

மலரை மூடினார். எழும்பிப் போனார். சுருவத்தைத் தூக்கி, அதன் முழுப் பாரத்தோடும் அதன் மேல் இறக்கி வைக்கும் சத்தம் கேட்டது.

"ஒவ்வொரு தாளாய் வாறான்," என்றார்.